மூச்சைக் கண்ணால் பார்த்தவர்

செய்தி வந்தபோது நான் ஒரு குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் நாக்கை அழுத்தும் குச்சி. சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்து அடங்கி மறுபடியும் அதிர்ந்தது. குழந்தையின் தாய்தான், "எடுங்க சார், அவசரமா இருக்கப் போவுது" என்றாள். எடுத்தேன். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து லட்சுமி. "சார், அம்மா போய்ட்டாங்க சார்."   போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொண்டையைப் பார்த்து முடித்தேன். மருந்து எழுதினேன். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று அந்தத் தாய் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவள் போன பிறகு, அடுத்தவரை உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிர்பார்த்த செய்திதான். இறந்தவரே எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்த செய்தி.

டாக்டர் மரகதம் என்றால் நம் ஆரணியில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஸ்கேன் டாக்டரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஸ்கேன் மையம் வைத்தார். மாடியில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. களம்பூர் அரிசி மில் ஒன்றில் பாய்லர் பார்த்தவரின் மகள். சென்னையில் படித்து, அங்கேயே சில காலம் வேலையும் செய்து, பேச்சு கொஞ்சமும் மாறாமல் திரும்பி வந்தவர். என் நர்சிங் ஹோம் அடுத்த தெருவில். எனக்குச் சந்தேகம் வந்த வயிறுகளையெல்லாம் அவரிடம் அனுப்புவேன். மாலையில் நோயாளிகள் ஓய்ந்த நேரத்தில் லட்சுமியிடம் சொல்லி டீ வரவழைத்து, அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் பேசுவோம். லட்சுமி அவருடைய மையத்தில் தொடக்கம் முதல் உதவியாக இருந்தவள். அவர்கள் இருவருக்கும் இடையே இருந்ததை முதலாளி, வேலைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வந்த புதிதில் நடந்தது ஒன்று. பட்டு வியாபாரத்தில் பெரிய கை ஒருவர், மருமகளை அழைத்துக்கொண்டு வந்தார். ஏற்கெனவே வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். ஸ்கேன் முடிந்ததும் மருமகளை வெளியே அனுப்பிவிட்டு, "டாக்டரம்மா, நீங்க வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். பையன்னா தலைய ஆட்டுங்க, போதும்" என்றார். மரகதம் கழுத்தில் கைவைத்துக்கொண்டு, "எனக்குக் காலையிலருந்து கழுத்து சுளுக்கிகினு இருக்குதுங்க. ஆட்ட முடியாது" என்றார். அவர் சிரித்துவிட்டு, "எப்ப சரியாவும்?" என்று கேட்டார். "இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் சரியாவாது." அந்த மனிதர் எழுந்து போனார். அதன்பிறகு வெகு காலம் பெரிய வீட்டுப் பெண்கள் மரகதத்திடம் வரவில்லை. தலையாட்டும் இடங்கள் பக்கத்து ஊர்களில் இருந்தன. மரகதம் அதைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு முறை, வேறெதையோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்த மருமவளுக்கு மூணாவது பொறக்கவே இல்ல சார், கவனிச்சீங்களா?" என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை.

நுரையீரல் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவம் படித்தவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஸ்கேன் கருவியின் ஒலி காற்றைத் தாண்டிப் போகாது. நுரையீரல் முழுக்கக் காற்று. ஆகவே நுரையீரலை ஸ்கேனில் பார்ப்பது வீண். நானும் அப்படித்தான் படித்தேன், மரகதமும் அப்படித்தான் படித்தார். ஆனால் கல்லீரலைப் பார்க்கும்போது, மூச்சை இழுக்கையில் நுரையீரலின் கீழ் ஓரம் திரைபோல வந்து மறைக்குமாம். மூச்சுத் திணறலோடு வரும் சிலருக்கு அந்த ஓரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் கீழே இறங்குகின்றன, நல்ல நுரையீரல்காரர்களுக்கு அப்படி இறங்குவதில்லை என்று அவர் கண்டார். வெளிநாட்டில் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் சிலர் இதைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிப் படித்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வருடம் அது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "சட்டையக் கழட்டுங்க சார்" என்றார்.

என் விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்தார். திரையில் ஒரு வெள்ளைக் கோடு, நான் மூச்சு விட விட இப்படியும் அப்படியும் வழுக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கறுப்பு. "இன்னா தெரியுது?" என்றார். ஒன்றும் தெரியவில்லை என்றேன். "அதான் நல்ல நுரையீரல். காத்து இருக்கிற வரைக்கும் உள்ள ஒண்ணும் தெரியாது. காத்து போற எடத்துலதான் தெரிய ஆரம்பிக்கும். இந்த ஒரு உறுப்புக்குத்தான் சார், தெரியாம இருந்தா நல்லது, தெரிஞ்சா கெட்டது." பிறகு உள்ளே இன்னொரு கட்டிலில் படுத்திருந்த ஒரு நெசவாளரிடம் அழைத்துப்போனார். இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்தவர். அவருடைய மார்பில் வைத்ததும் திரையின் உச்சியிலிருந்து அடிவரை வெள்ளைக் கோடுகள் வரிசையாகத் தொங்கின. அந்த மனிதர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பாவு போட்ட மாதிரி கீது" என்றார். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டும் நூல் வரிசைதான் பாவு. அன்றிலிருந்து எங்களுக்குள் அந்தக் கோடுகளுக்கும் பாவு என்றே பெயர். "பாவு தெரியுது சார், பாத்து அனுப்புங்க" என்று மரகதம் போனில் சொன்னால் எனக்குப் புரியும்.

இதையெல்லாம் அவர் ஒரு மருத்துவர் கூட்டத்தில் பேசியபோது பின்வரிசையில் சிரித்தார்கள். வயிறு பார்க்கிற அம்மா நெஞ்சுக்கு ஏறிவிட்டார் என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. திரும்பி வரும்போது அவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். "அவங்க சிரிக்கட்டும். எனக்குப் பயம் வேற. பாவு நெறைய வியாதில வரும் சார். நனைஞ்சிருக்குதுன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும். எதனால நனைஞ்சுதுன்னு சொல்ல முடியாது. அத மறந்துட்டா நான் ஜோசியக்காரி ஆயிடுவேன்" என்றார்.

பன்றிக் காய்ச்சல் வந்த வருடம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைகளில் முகமூடி கிடைக்காமல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திரிந்தோம். தொண்டையில் பஞ்சு வைத்துச் சளி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினால், முடிவு வருவதற்குள் ஆள் தேறியிருப்பார், அல்லது போயிருப்பார். அந்தக் காய்ச்சலுக்கான மாத்திரை எங்களைப் போன்ற தனியார் மருத்துவர்கள் கையில் இல்லை. காய்ச்சலோடு வருகிற நூறு பேரில் யாரை அவசரமாக வேலூருக்கு அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருந்தவர் மறுநாளே நீலம் பூத்து வந்தார். அப்போதுதான் மரகதத்தின் கருவிக்கு வேலை வந்தது. முன்புறம், பக்கவாட்டு, முதுகு என்று ஒவ்வொரு விலா இடுக்கிலும் வைத்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாகப் பாவு தெரிந்தால், ஆள் நடந்து பேசிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே வண்டி ஏற்றச் சொல்வார். அப்படி முன்கூட்டிப் போய்த் திரும்பி வந்தவர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவர் வீட்டுக்கு அனுப்பியவர்கள்தான் அதிகம். ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், லேசான சளியோடு வந்து, உயில் எழுதாமல் போகிறோமே என்று என் முன் கண்ணீர் விட்டார். மரகதத்திடம் அனுப்பினேன். பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க நெஞ்சுல ஒண்ணுமே தெரியல. ஊட்டுக்குப் போயி கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குங்க" என்றாராம். "ஒண்ணுமே தெரியலன்னா இன்னாத்துக்கும்மா இந்த மிஷினு?" என்று அவர் கோபித்துக்கொண்டாராம். இதை எனக்குச் சொல்லும்போது மரகதம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

செல்வி சந்தவாசலில் பிறந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் குமார் தறி ஓட்டுபவன். அவளுக்கு ஏழாம் மாதம். காய்ச்சல் கண்டு என்னிடம் வந்து சேர்ந்தபோதே ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்ரே என்றதும் மாமியார் குறுக்கே நின்றாள். "வயித்துல புள்ள கீது சார். எக்ஸ்ரேன்னா வேணவே வேணாம்." மரகதத்துக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். செல்வியை அவருடைய மையத்துக்குத் தூக்கிப்போகும் நிலை இல்லை, ஆக்சிஜன் குழாயை எடுத்தால் உதடு கறுத்தது. சற்று நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மடியில் சின்ன ஸ்கேன் இயந்திரத்தை வைத்துக்கொண்டு மரகதம் இறங்கினார்.

ஸ்கேன் இயந்திரம் பதிவு செய்த இடத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். வயிற்றில் இருப்பது பெண் என்று சொல்லிக் கலைப்பவர்கள் இயந்திரத்தை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனதால் வந்த சட்டம். "மேடம், இத வெளிய எடுத்துகினு வரக்கூடாதே" என்றேன். "தெரியும் சார். அவளத் தூக்கிகினு போனா வழியிலயே போய்டுவா. நகருங்க."

பார்த்தார். கோடுகளாகக்கூட இல்லை. பல இடங்களில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெறும் வெள்ளையாக இருந்தது. மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே புள்ளயையும் பாத்துடும்மா, உசுரோட கீதான்னு" என்று கெஞ்சினாள். மரகதம் கருவியை மார்பிலிருந்து கீழே இறக்கவில்லை. "வயித்துல வெக்க மாட்டேன்மா. இந்த மிஷின இங்க கொண்டாந்ததே தப்பு. நெஞ்ச மட்டும்தான் பாப்பேன். புள்ளயோட துடிப்ப டாக்டர் சார் கேட்டுச் சொல்வாரு." கேட்டுச் சொன்னேன். துடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே வேலூருக்கு அனுப்பினோம். செயற்கை சுவாசக் கருவி காலியாக இருக்கும் இடத்தைத் தேடுவதிலேயே நேரம் போயிற்று. கடைசியில் கிடைத்தது. மரகதமும் நானும் தினமும் போன் செய்தோம். முதலில் குழந்தையின் துடிப்பு நின்றது. பிறகு செல்வி.

அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து மரகதத்தின் மையத்துக்கு ஆட்கள் வந்தார்கள். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரகதம் தேடவும் விடவில்லை. வந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். இயந்திரத்தை வெளியே எடுத்துப் போனீர்களா என்று கேட்டார்கள். போனேன் என்றார். ஏழு மாதக் கர்ப்பிணியிடமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். நெஞ்சைத்தான் பார்த்தோம் என்று நான் குறுக்கிட்டபோது, வந்தவர்களில் ஒரு பெண் அதிகாரி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நுரையீரலுக்கு ஸ்கேன் பார்ப்பார்களா டாக்டர்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கல்லூரிப் பாடமும் அதையேதான் சொன்னது. மையத்தில் இருந்த பெரியது, ஆட்டோவில் வந்த சின்னது என்று இரண்டு இயந்திரங்களையும் துணியால் சுற்றி, கயிறு கட்டி, அரக்கு வைத்தார்கள்.

அவர்கள் போன பிறகு நான் கத்தினேன். தலையாட்டிச் சம்பாதித்தவர்கள் எல்லாம் திறந்து வைத்திருக்கிறார்கள், ஒரு முறைகூட ஆட்டாத தலைக்கு இந்தச் சட்டமா என்று கத்தினேன். லட்சுமி அழுதுகொண்டிருந்தாள். மரகதம் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். "சட்டத்தத் திட்டாதீங்க சார். இந்த ஊரச் சுத்தி எத்தினி பொண்ணுங்க பொறக்காமயே போச்சுன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் போட்ட பூட்டு இது. என் மேல வந்து விழுந்துடுச்சி, அவ்ளோதான்."

அவரால் பொறுத்துக்கொள்ள முடியாதது வேறொன்று. காரியமெல்லாம் முடிந்த பிறகு செல்வியின் கணவனைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. குமார் எங்களை உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். குரல் உயரவில்லை. "டாக்டரம்மா, நீங்க அன்னிக்கே பாத்துட்டீங்க. கெட்டுப் போச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிற்பாடும் ஏன் காப்பாத்த முடியல?" என்று கேட்டான். குற்றம் சாட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மரகதம் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பாக்க மட்டும்தான் தெரியும்பா" என்றார். தெருமுனைவரை நடந்தோம். பிறகு நின்று, "அவன் கேட்டது சரிதானே சார்? தெரிஞ்சு இன்னா பிரயோஜனம்?" என்றார்.  

இயந்திரம் இல்லாவிட்டாலும் மையத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்வார். "இத்தினி வருஷம் பாத்து பாத்துப் பழகிட்டேன் சார். இப்பக் கேளுன்னா எனக்குக் கேக்க மாட்டேங்குது." நாங்கள் நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பியவர்களில் சிலர் இரண்டாம் முறை எப்படி வந்தார்கள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

முத்திரையை அகற்றக் கேட்டு மனுக் கொடுக்க இருவரும் திருவண்ணாமலைக்குப் போனோம். பார்க்க வேண்டியவர் கூட்டத்தில் இருந்தார். வராந்தாவில் காத்திருந்தோம். மாலையில், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். திரும்பும் பஸ்ஸில் மரகதம் இருமத் தொடங்கினார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "என் பக்கத்துல உக்காராதீங்க சார், முன்னாடி போங்க" என்றார். நான் போகவில்லை. களம்பூர் வந்தபோது, லாரிகள் நின்ற ஒரு மில்லைக் காட்டினார். "எங்கப்பா இங்கதான் இருந்தாரு. உமித் தூசு. கடைசியில மூச்சு வாங்கிகினே போனாரு. அவருக்குள்ள இன்னா நடக்குதுன்னு யாருக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா காப்பாத்தி இருக்கலாம்னு நெனச்சிகினுதான் சார் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது.

என் நர்சிங் ஹோமிலேயே சேர்த்தேன். எக்ஸ்ரே எடுத்தோம். வலது அடியில் லேசான நிழல். அவ்வளவுதான் மேடம் என்றேன். "படத்த நம்பாதீங்க" என்றார். மறுநாள் ஆக்சிஜன் போதவில்லை. ஊரில் வேறு ஸ்கேன் மையங்கள் இருந்தன. நெஞ்சைப் பார்க்க அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், நடந்ததைப் பார்த்த பிறகு யார் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. வண்டியில் ஏற்றி வேலூருக்குக் கூட்டிப்போனேன். லட்சுமி கால்மாட்டில் உட்கார்ந்து வந்தாள்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஓரமாக ஒரு ஸ்கேன் இயந்திரம் நின்றது. ரத்தக் குழாயைத் தேட வைத்திருப்பது. ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்த மரகதம் அதை நோக்கி விரலை நீட்டினார். அங்கிருந்த இளம் மருத்துவருக்குப் புரியவில்லை. அவரிடம் நான் சொன்னேன், இவர் ஸ்கேன் மருத்துவர், தன் நுரையீரலைத் தானே பார்க்க விரும்புகிறார் என்று. அந்த இளைஞர் தயங்கினார். பிறகு இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மரகதம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவழித்து வழி சொன்னார். "மேல." "இன்னும் வெளிய." "முதுகு." இளைஞர் அப்படியே செய்தார். நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மார்பில் கறுப்பாக இருந்த இடம் அவருக்கு எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"போதும்" என்றார்.

நான் குனிந்து, செல்விக்கு இருந்த அளவுக்கு இல்லை மேடம் என்றேன். முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் என்னைக் கொஞ்சம் சலிப்போடு பார்த்தன. "பொய் சொல்லாதீங்க சார். பாத்துட்டேன். ரெண்டு பக்கமும். ரொம்ப நாள் ஆவாது." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி, "லட்சுமிய ஊட்டுக்கு அனுப்புங்க. இங்கியே உக்காந்துகினு இருப்பா" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். நான் மட்டும் ஊர் திரும்பினேன், லட்சுமி போகவில்லை.

சுற்றியதைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லி உடலைக் கொடுத்தார்கள். களம்பூரில் அவருடைய தம்பி கொள்ளி வைத்தார். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள், எல்லோர் முகத்திலும் துணி. இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் எத்தனையோ பேரை, பெற்றவளுக்கும் முன்பு பார்த்தவர் அவர். அந்தத் தாய்மார்களில் ஒருத்தியும் அன்று அங்கே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. காய்ச்சலுக்குப் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

இயந்திரம் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று பலர் கேட்கிறார்கள். ஆம் என்று சொன்னால் கேட்பவர்களுக்கும் ஆறுதல், எனக்கும் கோபப்பட ஓர் இடம் கிடைக்கும். ஆனால் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் முன்னால் தெரிந்திருக்கும். அவ்வளவுதான். அந்த இயந்திரங்கள் இன்னும் அரக்கோடு அங்கேயே இருக்கின்றன. மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை. மனுக் கொடுத்தவர் இல்லை என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறார்கள், இன்னும் தெரிவிக்கவில்லை. அவர் கண்டறிந்ததைத் தொடர்ந்து செய்ய நம் ஊரில் ஒருவரும் இல்லை. நான் கற்றுக்கொண்டிருக்கலாமே என்றால், அந்தத் திரையை இனி என்னால் பார்க்க முடியாது.

நம்பிக்கை எதையும் அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்ளவில்லை. அவருக்கே கடைசியில் அது இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பழக்கம் மட்டும் என்னோடு தங்கியிருக்கிறது. ஸ்கேன் பார்த்து முடிந்ததும், நோயாளியின் உடம்பில் தடவிய களிம்பை அவரே துடைப்பார். லட்சுமியிடம் விடமாட்டார். துண்டை வெதுவெதுப்பாக வைத்திருப்பார். விலா இடுக்குகளில்கூட ஈரம் இல்லாமல் துடைத்து, ரவிக்கையையோ சட்டையையோ சரிசெய்து, கை கொடுத்து எழுப்பி உட்காரவைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன்பிறகுதான் என்ன பார்த்தார் என்று சொல்வார். அதுவரை அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

போன வாரம் தெள்ளாரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெகு நாள் இருமல், எடை குறைந்திருக்கிறது. எக்ஸ்ரே என் கையில் இருந்தது. அவர் இன்னும் சட்டை போடாமல் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இன்னா சார், சொல்லுங்க" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படத்தைக் கவிழ்த்து வைத்தேன். அவருக்குக் கை கொடுத்து எழுப்பினேன். சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பொத்தான்களைப் போட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததும் நானும் எதிரே உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன்.